சோற்று வரிசையில் பதினாலாவது பிள்ளை

ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காற்று ஆற்று மணலையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து எங்கள் முத்தையனேந்தல் பள்ளிக்கூடத்து முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்த நேரம், மொத்தமே பதிமூன்று பிள்ளைகள் படிக்கிற அந்தப் பள்ளிக்கூடத்தில், சத்துணவுக்கு நின்ற வரிசையில் பதினாலாவதாக ஒரு பெண்பிள்ளை நின்றது. ரோமம் வைத்த தோல் கோட்டு போட்டிருந்தது. கோட்டின் தோள்பட்டையில் பனி உறைந்திருந்தது, கரிசல் காட்டு வெயிலில் அது உருகிச் சொட்டிய இடத்தில் ஈரத்தைத் தேடி எறும்பு வந்துகொண்டிருந்தது. சமையல் மாடத்தி கரண்டியோடு நிமிர்ந்து ஒருதரம் பார்த்தாள்.

"தட்டு எங்கட்டி?"

"என்னிடம் தட்டு இல்லை, மதிப்பிற்குரிய அம்மையே," என்றது பிள்ளை.

மாடத்தி தன்னுடைய சொந்தத் தட்டைக் கழுவி அதில் சோற்றைப் போட்டு, சாம்பாரை ஊற்றி, முட்டையை வைத்துக் கொடுத்தாள். சோற்றுக்கு நிற்கிற பிள்ளையிடம் ஊர் பேர் கேட்பது பாவம் என்பது மாடத்தியின் கொள்கை, அந்தக் கொள்கையால் அவள் பட்ட நட்டம் ஒன்றுமில்லை. அதன் பிறகுதான் உள்ளே வந்து பெரிய டீச்சர் ஜெபக்கனியிடம் சொன்னாள்: "டீச்சர், ஒரு பிள்ளை கூட வந்திருக்கு. பேசுறது பாடப்புத்தகம் பேசுற மாதிரி இருக்கு."

நான் அப்போது நூலக அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் ஆவுடைத்தாய். எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் தரகு பேசுகிற ஒரே பொம்பளை நான்தான். என் வீட்டுக்காரர் செத்த மூன்றாம் மாதம் ஒற்றைக் கிடாயை இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போனவள், ஏமாந்து, அழுது, அடுத்த வாரமும் போய் ஏமாந்து, ஏமாற்றியவனோடு கட்டிப் புரண்டு, அப்படியே தொழிலைக் கற்றுக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் ஆடுகள் காதை மடக்கிக்கொள்ளும் என்பார்கள். இந்த வாயைப் பார்த்துத்தான் ஊர் என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக்கியது. இருக்கிற இரண்டே டீச்சர்கள் எட்டு வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்ததால், செவ்வாயும் வெள்ளியும் நூலக வகுப்பை நான் பார்த்துக்கொண்டேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நூலகத்தில் என்ன செய்வாள் என்று கேட்பீர்கள். விற்பேன். ஜெபக்கனி டீச்சர் ஒவ்வொரு புத்தகத்தின் கதையையும் எனக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார், நான் அதைப் பிள்ளைகள் தலையில் கட்டுவேன். யாரோ தர்மவான் அனுப்பிய ஒரே ஒரு பெட்டிதான் எங்கள் நூலகம், அந்தப் பெட்டி முழுக்க, யார் பொறுக்கிப் போட்டார்களோ, சாகக் கிடந்து பிழைத்த பிள்ளைகளின் கதை. கடலில் படகோடு போன பையன், சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட இரட்டைச் சகோதரிகள், வெள்ளத்தில் கூரைமேல் உட்கார்ந்தவன், எல்லாம் நம்மூர் பாஷையில் மொழிபெயர்த்த வெளிதேசத்துப் பிள்ளைகள்.

இந்தப் புத்தகங்களை எந்தப் பிள்ளைக்கு எது என்று கொடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. "உனக்கு எதுக்குப் பயம்?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் பத்துப் பேர் முன்னால் சொல்லாது. சந்தையில் நாங்கள் என்ன செய்வோம்? துண்டைப் போட்டு மூடி, அதற்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவோம். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அதையே செய்தேன். ஒரு விரல் என்றால் பசி மட்டும் வருகிற கதை. இரண்டு என்றால் பசியும் தனிமையும். மூன்று, மிருகம் வரும். நாலு, குளிரோ வெள்ளமோ இருட்டோ. ஐந்து என்றால் யாராவது செத்தாலும் சாகலாம். பிள்ளை தன்னால் தாங்க முடிகிற விரலைப் பிடிக்கும். நான் சும்மா விடுவேனா, இன்னொரு விரலைச் சேர்த்துத் திணிப்பேன், அது உதறும், நான் முறைப்பேன், கடைசியில் ஒன்றில் படியும். பிள்ளைகள் மதியச் சோற்றுக்குப் பிறகு துண்டுக்கடியில் கை நுழைக்க அடிதடி போட்டார்கள்.

என் மகள் உச்சிமாளி ஏழாவது படிக்கிறாள். எடுத்த எடுப்பில் ஐந்து விரலையும் பிடித்தாள். என் பிள்ளை அல்லவா. அவளுக்குக் கொடுத்தது 'பதினேழு நாள் பனி' என்ற புத்தகம். பனிக்காட்டில் இல்வா என்கிற பெண்ணும் அவள் குட்டித் தம்பி தோமும் ஒரு குகையில் ஒதுங்குகிறார்கள். அறுபத்தோராம் பக்கத்தில் இல்வா கடைசி ரொட்டித் துண்டைத் தம்பி பக்கத்தில் வைத்துவிட்டு உதவி தேடிக் குகையை விட்டு வெளியே வருகிறாள். அந்த இடத்தில்தான் நான், "படிச்சது போதும், ஆட்டைப் பிடிச்சுக் கட்டுட்டி" என்று கத்தினேன், உச்சிமாளி புத்தகத்தை மூடினாள். மறுநாள் மத்தியானம், வெளியே வந்த பிள்ளை, பசியோடு, எங்கள் சோற்று வரிசையில் நின்றது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. குகையை விட்டு வெளியே வந்தவளுக்கு மேற்கொண்டு போக வழி விடாமல் மூடினால், அவள் திறந்திருக்கிற பக்கமாகத்தான் வருவாள்.

விதி என்னவென்று இரண்டு நாளில் எல்லாருக்கும் பிடிபட்டது. உச்சிமாளி புத்தகத்தைத் திறந்து படித்தால் இல்வா பெஞ்சிலிருந்து காணாமல் போவாள். மூடினால் திரும்பி வருவாள், ஆனால் அதற்குள் இரண்டு பக்கத் துன்பம் பட்டிருப்பாள், முழங்கால் சிராய்த்திருக்கும், உதடு நீலம் பாரித்திருக்கும். அதனால் ஜெபக்கனி டீச்சர், "படிச்சா ஒரேயடியா படி, இல்லன்னா தொடாத" என்று சொல்லிவிட்டார்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொன்னால்தான் எங்கள் ஊர் உங்களுக்குப் புரியும். முதல் சண்டை, அந்தப் பிள்ளை யார் வீட்டில் படுப்பது என்று. கீழத்தெருக்காரர்கள் எங்கள் தெருவில்தான் தண்ணீர் வருகிறது என்றார்கள், மேலத்தெருக்காரர்கள் எங்கள் தெருவில்தான் காற்று வருகிறது என்றார்கள், பனியில் கிடந்த பிள்ளைக்குக் காற்று எதற்கு என்று கீழத்தெரு கேட்டது, கடைசியில் ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று கோயில் கொடைக்கு முறை வைப்பதுபோல முறை வைத்தார்கள். தையல்காரர் கோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தையலைத் தன்னால் பிரிக்க முடியாது, அதற்கு மேலேயே சீருடை தைக்கிறேன் என்று பாவாடையைக் கூடாரம் மாதிரி தைத்துக் கொடுத்தார். டீக்கடையில் செய்தித்தாளை யாரும் பாதியில் மடிப்பதில்லை என்றானது. மடித்தால் மந்திரி யாராவது சோற்றுக்கு வந்து நின்றுவிடுவாரோ என்ற பயத்தில், வரன் தேவை விளம்பரம் வரை, அச்சகத்தின் முகவரி வரை சத்தமாக வாசித்தார்கள். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவர்களை உட்காரவைத்து 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரை படித்துக் காட்டித்தான் அனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மட்டும் நிம்மதியாக இருந்தார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் கடிதம் வந்தது. இருபது பிள்ளைகள் இல்லாத பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள், அலுவலர் ஆடிக் கடைசியில் வந்து தலையை எண்ணுவார். பக்கத்து ஊர்ப் பள்ளி ஆறு கிலோமீட்டர், நடுவில் நாலுவழிச் சாலை. வசதி உள்ளவன் பிள்ளை ஏற்கெனவே வேனில் டவுனுக்குப் போகிறது. மிச்சம் இருக்கிற பதிமூன்றில் ஒன்பது பொட்டப்பிள்ளை. சாலையைத் தாண்டிப் போ என்றால் எத்தனை அப்பன் அனுப்புவான்? எனக்குத் தெரியும் எத்தனை அப்பன் என்று. என் காலத்தில் நாலுவழிச் சாலை இல்லை, வெறும் ஓடைதான் இருந்தது, ஆறாம் வகுப்பு ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது, "ஓடை தாண்டி ஒண்ணும் படிச்சுக் கிழிக்க வேண்டாம்" என்றார் என் அப்பா, அன்றைக்குப் பிடித்த ஆட்டுக் கயிறுதான். என் மகள் கையில் அந்தக் கயிறு ஏறக்கூடாது.

பதிமூன்றும் இல்வாவும் பதினாலு. இன்னும் ஆறு.

"டீச்சர்," என்றேன், "புத்தகம் இருக்குல்லா. பாதியில நிறுத்தச் சொல்லுவோம்."

ஜெபக்கனி டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆவுடை, பிள்ளைகளைப் புத்தகத்தை முடிக்கச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம்."

"பள்ளிக்கூடமே முடிஞ்சுபோச்சுன்னா?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் பேசிய பேரத்தைச் சந்தையில்கூடப் பேசியதில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்து, காதில் சொல்வேன்: "நல்லா விறுவிறுன்னு போகும், மூச்சு முட்டுற இடம் ஒண்ணு வரும், அந்த இடத்துல பொத்துனு மூடிரணும், என்ன?" பிள்ளைகள் நகத்தைக் கடித்துக்கொண்டு மூடினார்கள். திங்கட்கிழமை சோற்று வரிசை வேலி வரை நீண்டது.

கடலில் போன பையன் வந்தான், உப்புப் பூத்த முகத்தோடு, வந்தவன் பானையில் பாதித் தண்ணீரைக் குடித்தான், ஊர் அவனைக் கடலான் என்றது. சுரங்கத்து இரட்டையர் வந்தார்கள், வெளிச்சத்தில் கண்கூசி ஒருத்தி பாவாடைக்குள் இன்னொருத்தி முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெள்ளத்தில் கூரைமேல் இருந்தவன் ஓர் ஆட்டோடு வந்தான். நான் அதன் முதுகைத் தடவிப் பார்த்தேன், வெளிதேசத்து ஆடு, சதை சுமார், ஆனால் நல்ல குணம். இலையைக் கட்டிக்கொண்டு காட்டுப் பையன் ஒருவன் வந்தான், மாடத்தி கொடுத்த முட்டையை ஓட்டோடு தின்றான். குண்டு விழுகிற ஒரு நகரத்து நிலவறையிலிருந்து ஒரு சின்னப்பெண் வந்தாள். பள்ளி மணி அடித்ததும் அவள் பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு மட்டும் ஊர் பட்டப்பெயர் வைக்கவில்லை. மறுநாளிலிருந்து மணியையும் அடிக்கவில்லை. மாடத்தி வாசலில் நின்று, "உள்ள போங்கல" என்று கத்துவாள், அதுதான் மணி.

அதோடு இருபது. அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அலுவலர் வரும்வரை ஒருவரும் ஒரு வரி படிக்கக்கூடாது என்று ஊரில் தண்டோரா போட்டோம். உலகத்தில் எந்த ஊரிலாவது பிள்ளைகள் படித்துவிடக் கூடாது என்று நூலகத்துக்குக் காவல் போட்டிருப்பார்களா, தெரியாது. எங்கள் ஊரில் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். காவலுக்கு வந்தவர்களே என் பின்னாலேயே வந்து, "அந்தச் சுரங்கத்துப் பிள்ளைகளோட அப்பா வாராரா இல்லையா, அதை மட்டும் சொல்லும்மா" என்று என்னிடம் கெஞ்சினார்கள். கதை மூச்சு முட்டுகிற இடத்தில் நின்றதால் ஊரே மூச்சு முட்டிப்போய், ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டு, ஆனால் என்னவோ தேர்த் திருவிழாவுக்குக் கொடியேற்றியது மாதிரி ஒரே சந்தோஷமாக இருந்தது. கடலான் எங்கள் பிள்ளைகளுக்கு வறண்ட கண்மாயில் நீச்சல் சொல்லிக்கொடுத்தான். இரட்டையர்கள் அடுப்புக் கரியால் சுவரெல்லாம் படம் போட்டார்கள். வந்தவர்கள் புத்தகத் தமிழை விட்டுவிட்டு, "ஏல, தள்ளிக்கோ" என்று பேசப் பழகினார்கள்.

இல்வா மட்டும் முட்டை தின்பதில்லை. எனக்கு வாடை தெரியும், கோட்டைத் தொட்டுப் பார்த்தேன், இரண்டு பையிலும் அவித்த முட்டை.

"என்னட்டி இது? திங்கறதுக்குத் தந்தா ஒளிச்சு வைக்க?"

"இவை என் தம்பிக்குரியவை, அம்மையே. அவனிடம் ஒரு ரொட்டித் துண்டு மட்டுமே உள்ளது."

"ஏட்டி, புத்தகம் மூடியிருக்கு. மூடின புத்தகத்துல நேரம் ஓடாது. அவன் வச்ச இடத்துல வச்சபடி இருப்பான்."

"ஓடாது என்று தங்களுக்கு எப்படித் தெரியும்? தாங்கள் எப்போதாவது உள்ளே இருந்ததுண்டா?"

இத்தனை வருஷத்தில் என்னோடு பேரம் பேசிய எவனும் இப்படி ஒரு கேள்வியில் என்னை மடக்கியதில்லை. எனக்குக் கோபம் வந்தது. "எம் பிள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடம் வேணும்," என்றேன். "ஆடிக் கடைசிக்கு எட்டு நாள் இருக்கு. எட்டு நாள் குடு."

அவள் என் தோளில் கிடந்த துண்டை எடுத்து, என் கையின்மேல் போட்டு, உள்ளே கையை விட்டாள். விரல் ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள். யாராவது செத்தாலும் சாகலாம் என்பதற்கு அந்தப் பிடி. பிடித்தபடியே சொன்னாள்: "எட்டு நாட்கள் தருகிறேன். எட்டாம் நாள் அந்த மனிதர் எண்ணிச் சென்றதும், தங்கள் மகள் நிறுத்தாமல் கடைசிவரை வாசிக்க வேண்டும். தினமும் இரண்டு முட்டைகள். ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு."

படிந்தது. மாடத்தி அன்றிலிருந்து இரண்டு முட்டை வைத்தாள். இல்வா இரண்டையும் பையில்தான் போட்டாள்.

எட்டாம் நாள் அலுவலர் வந்தார். தளவாய் என்று பெயர், ஒல்லியான மனிதர், வெயிலில் வந்த களைப்பு, கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. பிள்ளைகளை வராண்டாவில் நிறுத்தி ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். தோல் கோட்டுக்கு மேல் தைத்த பாவாடையைப் பார்த்து, "குளிர்க் காய்ச்சலா?" என்று மட்டும் கேட்டார். இருபது. ஊரே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சைப் பிடித்திருந்தது. பேனாவைத் திறந்தவர், சும்மா பேச்சுக்கு, பக்கத்தில் நின்ற இல்வாவிடம் கேட்டார்.

"பேர் என்னம்மா?"

"இல்வா, ஐயா."

"எந்தத் தெரு?"

"மேலத்தெரு, ஐயா." நான் சொல்லிக்கொடுத்தது.

"கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?"

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு உச்சிமாளியைப் பார்த்தாள், பிறகு அலுவலரைப் பார்த்து, திருத்தமாக, "யாரும் இல்லை, ஐயா," என்றாள்.

இன்னும் கால் மணி நேரம் பொறுத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் எழுதி, கையெழுத்துப் போட்டு, மோரைக் குடித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று கேட்டால், அந்தப் பிள்ளை வாயால் அந்த வார்த்தையைச் சொல்லவைத்தவள்மேல். நான் சந்தையில் ஆட்டைக் குட்டியிடமிருந்து பிரித்து விற்றிருக்கிறேன். ஆடுகூடக் குட்டி இல்லை என்று சொன்னதில்லை, கத்திக்கொண்டுதான் போகும். கழுத்துச் சாவியைப் பிடுங்கி, அலமாரியைத் திறந்து, ஆறு புத்தகத்தையும் எடுத்து அந்தந்தப் பிள்ளை கையில் அடிக்காத குறையாகக் கொடுத்தேன்.

"படிங்கல. சத்தம்போட்டுப் படிங்க. முடியற வரைக்கும் எவனும் எந்திரிக்கக் கூடாது."

"ஆவுடை," என்றார் ஜெபக்கனி டீச்சர்.

"நீங்க சும்மா இருங்க டீச்சர். சம்பளம் இதுக்குத்தான்னு சொன்னீங்கல்லா."

உச்சிமாளி விட்ட பக்கத்தைத் திறந்தாள். முதல் வரியை வாசித்ததும் வராண்டாவில் இல்வா நின்ற இடம் காலியானது, அலுவலரின் கை அவள் தலை இருந்த இடத்தில் அந்தரத்தில் நின்றது. அடுத்தடுத்து மற்றவர்களும் போனார்கள். ஆடும் போனது. தளவாய் சார் காற்றைத் துழாவிய கையைக் கீழே இறக்கி, பேனாவை மூடி, பெஞ்சில் உட்கார்ந்தார். ஆறு பிள்ளைகள் ஆறு புத்தகத்தை ஒரே நேரத்தில் வாசித்தார்கள். கடலும் சுரங்கமும் வெள்ளமும் காடும் குண்டும் பனியும் ஒன்றோடொன்று கலந்து, ஒரு புத்தகத்தில் மூழ்கியவன் இன்னொரு புத்தகத்தில் கரையேறி, ஒன்றில் கேட்ட ஓநாய்க்கு இன்னொன்றில் நாய் குரைத்து, ஊர் வேலியைத் தாண்டி உள்ளே வந்து, பிடித்த கதைப் பக்கமாகச் சம்மணம்போட்டு, மாடத்தி அடுப்பை மறந்து, சோறு குழைந்து, யாரும் அதைப் பற்றிக் கவலைப்படாமல், மணி நாலாகும்வரை வாசிப்பு நிற்கவில்லை. நூறாம் பக்கம் தாண்டி இல்வா தம்பியிடம் திரும்பி வந்து, கோட்டுப் பையிலிருந்து அவித்த முட்டைகளை எடுத்துக் கொடுத்தாள் என்று உச்சிமாளி வாசித்தபோது, ஜெபக்கனி டீச்சர் என் காதில், "நான் படிச்சப்போ இதுல முட்டை இல்ல ஆவுடை," என்றார். இப்போது இருந்தது. அச்சிலேயே இருந்தது.

கடைசியாகப் புத்தகத்தை மூடியவள் நிலவறைப் பெண்ணின் கதையைப் படித்த பிள்ளை. அவள் அம்மா கிடைத்துவிட்டாள் என்று சொல்லி மூடினாள். யாரும் திரும்பி வரவில்லை. வராண்டாவில் பதிமூன்று பேர் நின்றார்கள்.

தளவாய் சார் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "என் கண்ணெதிரே போனதை இருக்குன்னு எழுத மாட்டேன்மா," என்றார் என்னிடம். "காலைல வழிபாட்டுக் கூட்டத்துல நிக்கிற தலைதான் கணக்கு. இன்னைக்கு அதை நான் எடுக்கல. நாளைக்கு வந்து எடுப்பேன். பதிமூணு நின்னா பதிமூணு போடுவேன்."

"போடுங்க," என்றேன். அன்று சாயங்காலம் என்னைத் திட்டாத வாய் ஊரில் இல்லை. நானும் யாரையும் விடாமல் திருப்பித் திட்டினேன். உச்சிமாளி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தொண்டை கட்டிப்போயிருந்தது.

மறுநாள் காலை கொடிக்கம்பத்தின் முன்னால் பதிமூன்று பிள்ளைகளும் நின்று பாடி முடித்தபோது, தளவாய் சார் எண்ணத் தொடங்கியபோது, பிந்தி வருகிற பிள்ளைகள் வருகிற மாதிரி, வாசலில் தலையைக் குனிந்துகொண்டு ஆறு பேர் வந்தார்கள். முன்னால் ஆடு. பின்னால் கடலான், இரட்டையர், வெள்ளத்துப் பையன், இலைக்குப் பதிலாகச் சட்டை போட்ட காட்டுப் பையன், கடைசியில் இல்வா. அவள் முதுகில் ஒரு குட்டிப் பையன்.

"ஏட்டி, இல்வா," என்றேன்.

"கடைசிப் பக்கத்துக்கு அப்புறம் எங்க போகணும்னு யாரும் எழுதல அத்தை," என்றாள். "அதான் வந்துட்டோம். அந்தச் சின்னவ வரல. அவ அம்மாகூட இருக்கா."

தளவாய் சார் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதிமூன்றும் ஆறும் பத்தொன்பது. இருபதாவது தலை இல்வாவின் முதுகில் இருந்தது.

"இவனுக்கு வயசு என்ன?"

"நாலு," என்றாள் இல்வா. பொய் சொல்லத் தெரியாத சனியன்.

"ஒண்ணாம் வகுப்புக்கு அஞ்சு முடிஞ்சிருக்கணும்."

நான் பையனைக் கீழே இறக்கி, முகவாயைப் பிடித்து, வாயைத் திறக்கவைத்துப் பார்த்தேன். "சார், பல்லைப் பாருங்க. கீழ்ப்பல்லு லேசா ஆடுது. என் சர்வீஸ்ல பல்லு பார்த்து வயசு தப்பினதே இல்ல."

"அது ஆட்டுக்கும்மா."

"ஒரு வயசு சார். விட்டுக் குடுங்க."

"வயசுல எப்படிம்மா விட்டுக் குடுக்க?"

அப்போது உச்சிமாளி, கட்டின தொண்டையோடு, கரகரவென்று சொன்னாள்: "சார், நாலு முதல் பக்கத்துல. நூத்திப் பதினொண்ணுல அவனுக்குப் பிறந்தநாள் வருது. நீங்க அப்ப மோர் குடிக்கப் போயிட்டீக."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் உள்ளே ஓடிப் புத்தகத்தை எடுத்துவந்து பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தாள். தளவாய் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொடிக்கம்பத்தின் நிழலில் நின்று, வாசித்தார். குகையில் தோம் தரையில் கல்லை அடுக்குகிறான். ஒவ்வொரு கல்லாக எண்ணி, ஐந்தாவது கல்லை வைத்துவிட்டு, இன்றோடு எனக்கு ஐந்து முடிந்தது, இனி நீ என்னைத் தூக்க வேண்டாம் அக்கா என்கிறான். தளவாய் சார் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சேர்க்கைப் பதிவேட்டை வாங்கி, தோம் என்று எழுதி, வகுப்பு ஒன்று என்று எழுதி, வயதுக்கு ஆதாரம் என்ற கட்டத்தில் 'பக்கம் 111' என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். பிறகு எண்ணிக்கைக் கட்டத்தில் இருபது என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதினார்.

ஊர் போட்ட குலவைச் சத்தத்தில் ஆடு மிரண்டு கொடிக்கம்பத்தைச் சுற்றி ஓடியது. மாடத்தி அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள். ஜெபக்கனி டீச்சர் தோமின் கையைப் பிடித்து ஒன்றாம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், முன்வரிசையில் உட்காரவைத்து, கையில் சிலேட்டைக் கொடுத்தார். இல்வா ஏழாம் வகுப்பு அறைக்குள் உச்சிமாளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பனிக் குகையில் பதினேழு நாள் ஒருதரம்கூட அழாத அந்தப் பையன், சுற்றும்முற்றும் பார்த்தான், சிலேட்டைப் பார்த்தான், அக்கா இல்லாத பெஞ்சைப் பார்த்தான், பிறகு வாயைக் கோணிக்கொண்டு, வீட்டுக்குப் போகணும் என்று ஊரே கேட்க ஓங்கி அழ ஆரம்பித்தான்.